எஞ்சின் மவுண்ட்: முதலில் இடம், பிறகுதான் இரும்பு

என்னுடைய 1971 எம்ஜிபி ரோட்ஸ்டரில் (கூரை திறந்த பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்) இருந்த 1798 சிசி பி-சீரிஸ் எஞ்சினை எடுத்துவிட்டு ஃபோர்டின் 2 லிட்டர் ஸீடெக் எஞ்சினையும் டைப் 9 ஐந்து கியர் பெட்டியையும் போட்டுக்கொண்டிருக்கிறேன். மவுண்ட், அதாவது எஞ்சினை வண்டியில் தாங்கிப் பிடிக்கும் ரப்பர் வைத்த பிடிமான வேலை, முடிந்துவிட்டது. எஞ்சின் மாற்றம் என்றாலே எல்லோரும் குதிரைத்திறனைப் பற்றித்தான் பேசுகிறார்கள், எஞ்சினைத் தாங்கப்போகிற அந்த இரண்டு பிராக்கெட்டைப் பற்றி யாரும் விரிவாகச் சொல்வதில்லை. எனக்கு இந்த வேலையிலேயே பிடித்த பகுதி அதுதான், அதனால் இந்தப் பதிவு முழுக்க அதைப் பற்றியே.

ஸீடெக் முன்சக்கர வண்டிகளில் குறுக்கே படுத்திருப்பதற்காகச் செய்த எஞ்சின். அந்த வண்டிகளில் அதைத் தாங்கும் இடங்கள் டைமிங் பெல்ட் முனையிலும் கியர்பாக்ஸ் முனையிலும் இருக்கும். நமக்கு வேண்டியதோ பிளாக்கின் இரண்டு விலாவிலும் பிடிமானம். ஆகவே வேறு எதையோ மாட்டுவதற்காக வார்ப்பில் விட்டிருக்கும் மரைத் துளைகளைத் தேடி அவற்றிலிருந்துதான் தொடங்க வேண்டும். எம்ஜிபி பக்கத்திலும் ஒரு முடிவு எடுக்க வேண்டியிருந்தது: என்னுடையதைப் போன்ற பழைய குரோம் பம்பர் வண்டிகளில் எஞ்சின் மவுண்ட் முன் கிராஸ்மெம்பர் (முன்பக்கம் குறுக்கே போகும் இரும்புத் தாங்கி) மேல் இருக்கும், ரப்பர் பம்பர் வந்த பிறகு அது சேசிஸ் ரெயிலுக்கு (வண்டியின் நீளவாக்கில் ஓடும் சட்டம்) மாறியது. நானும் ரெயிலையே எடுத்துக்கொண்டேன், கிராஸ்மெம்பரைக் கழற்ற வேண்டி வந்தால் எஞ்சின் அதன் இடத்திலேயே நிற்கும்.

சரி, இடம் பிடிப்பது. கிராங்க், பிஸ்டன் எதுவும் இல்லாத வெற்று பிளாக்கை கியர்பாக்ஸோடு முழுதாக போல்ட் செய்து சங்கிலியில் தொங்கவிட்டு, கியர்பாக்ஸின் வாலுக்கு ஒரு ஜாக் கொடுத்தால் போதும், இரண்டு கைகளாலேயே நகர்த்திப் பார்க்கலாம். வண்டி தன் சக்கரங்களின் மேல், ஓடும்போது இருக்கும் உயரத்தில் நிற்க வேண்டும், ஏனென்றால் பின் அச்சு கீழே தொங்கிக்கொண்டிருந்தால் எடுக்கிற கோணம் எல்லாம் பொய். சம்ப் (எஞ்சினின் அடி எண்ணெய்த் தொட்டி), எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட், ஆல்டர்னேட்டர், ஸ்டார்ட்டர், ஸ்டியரிங் தண்டு, ரேடியேட்டர், பானட் என்று இடத்தை அடைக்கக்கூடிய அத்தனையும் அப்போதே மாட்டியிருக்க வேண்டும். எக்ஸாஸ்ட்டைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று மவுண்ட்டை முடித்துவிட்டு, கடைசியில் ஸ்டியரிங் தண்டுக்கும் மேனிஃபோல்டுக்கும் நடுவே விரல் நுழைய இடமில்லாமல் எல்லாவற்றையும் வெட்டி எடுக்கிறவர்கள் நிறைய. எஞ்சின் ரப்பர் மேல் ஆடும் என்பதால் சுற்றிலும் 15 முதல் 20 மில்லிமீட்டர் விட்டுத்தான் ஆக வேண்டும். ஸ்டார்ட்டரையும் ஆயில் ஃபில்ட்டரையும் எஞ்சினை இறக்காமலே கழற்ற முடிகிறதா என்பதையும் அப்போதே கையை விட்டுப் பார்த்துவிட வேண்டும்.

அப்புறம் கோணம். எஞ்சினும் கியர்பாக்ஸும் பின்னால் சுமார் 3 டிகிரி இறங்கி இருப்பது வழக்கம். முக்கியம் அதில்லை. கியர்பாக்ஸின் வெளித்தண்டும் பின் அச்சின் பினியனும் (அச்சுக்குள் சுழற்சி நுழையும் பல்சக்கரத் தண்டு) ஒன்றுக்கொன்று இணையாக இருக்கிறதா என்பதுதான். இவை இரண்டையும் இணைக்கும் தண்டின் இரு முனையிலும் இருக்கும் யூனிவர்சல் ஜாயின்ட் கோணத்தில் சுற்றும்போது ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு தடவை வேகம் கூடிக் குறையும், முன்னாலும் பின்னாலும் கோணம் சமமாக இருந்தால் ஒன்று மற்றதை ஈடுகட்டிவிடும். நான் இரண்டு கோணங்களுக்கும் உள்ள வித்தியாசத்தை 1 டிகிரிக்குள் வைத்துக்கொண்டேன். இரண்டையும் பூஜ்யமாக்கவும் கூடாது, ஜாயின்ட்டுக்குள் இருக்கும் ஊசி பேரிங் உருளாமல் ஒரே இடத்தில் தேயும். எஞ்சின் வண்டியின் நடுக்கோட்டிலிருந்து பக்கவாட்டில் கொஞ்சம் விலகி இருப்பதால் கெடுதல் இல்லை, கோணலாகத் திரும்பாமல் இருந்தால் போதும். பக்கவாட்டுக்கு ரசமட்டம், நடுக்கோட்டுக்கு தூக்குக்குண்டு, கோணத்துக்கு டிஜிட்டல் கோணமானி.

இதெல்லாம் முடிந்த பிறகு பிராக்கெட் செய்வது அட்டை வெட்டுகிற வேலைதான், உண்மையாகவே அட்டையில்தான் அத்தனை துண்டையும் முதலில் செய்தேன். பிளாக்கோடு சேரும் தகடு 6 மில்லிமீட்டர் மைல்டு ஸ்டீல், பிராக்கெட்டின் கைகளுக்கு 4 மில்லிமீட்டர், வளைய வாய்ப்புள்ள இடத்தில் முக்கோணத் தாங்குதகடு. சேசிஸ் ரெயில் மெல்லிய தகட்டுப் பெட்டி என்பதால் நேராக அதில் வெல்ட் வைத்தால் நாளடைவில் ஓரத்தில் விரிசல் விடும், முதலில் அகலமான தகடு ஒன்றை அதன் மேல் பரப்பி வெல்ட் செய்து அதன் மேல்தான் பிராக்கெட் வர வேண்டும். வண்டியில் வைத்து டேக் (சிறு புள்ளி வெல்ட்) மட்டும் போட்டு, முழு வெல்டை வெளியே எடுத்து அசையாமல் பிடிக்கும் ஒரு ஜிக்கில் இறுக்கி, பக்கம் மாற்றி மாற்றிப் போட்டேன், சூட்டில் இழுத்துக்கொண்டால் துளை துளையோடு சேராது.

விசையைக் கணக்குப் போட்டால் ஏன் இவ்வளவு கனம் என்று புரியும். எஞ்சின் முறுக்கு சுமார் 180 நியூட்டன் மீட்டர். டைப் 9-இன் முதல் கியர் 3.65. பெருக்கினால் கிட்டத்தட்ட 660 நியூட்டன் மீட்டர். மவுண்ட் இரண்டுக்கும் இடையே 450 மில்லிமீட்டர் என்றால் ஒரு பக்கம் ஏறக்குறைய 150 கிலோ மேலே இழுக்கிறது, மறுபக்கம் அதே அளவு கீழே அழுத்துகிறது. கிளட்ச்சைப் பட்டென்று விட்டால் இன்னும் பல மடங்கு. முன்னாலிருந்து பார்க்கும்போது கடிகார திசையில் சுற்றும் எஞ்சினில் எழும்புவது வண்டியின் இடது பக்கம். 1971-இல் ஜெனரல் மோட்டார்ஸ் சுமார் 67 லட்சம் வண்டிகளைத் திரும்ப அழைத்தது இதற்காகத்தான், ரப்பர் பிய்ந்தால் எஞ்சின் எழும்பி ஆக்சிலரேட்டரைத் திறந்தபடியே மாட்டவைத்துவிடலாம் என்பதால். அதனால் ரப்பர் முழுதாகப் பிய்ந்தாலும் இரும்பு இரும்பைப் பிடித்துக்கொள்ளும்படி, நடுவில் போல்ட் ஊடுருவிப் போகும் மவுண்ட்டையே போட்டேன். இதில் சமரசமே வேண்டாம்.

தெருவில் ஓட்டும் வண்டிக்கு ரப்பர் இல்லாத மவுண்ட் போடுவதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். அமெரிக்கக் கார் நிறுவனமான பிளிமத் 1931-லேயே நாலு சிலிண்டர் எஞ்சினை ரப்பரில் மிதக்கவிட்டு அதை ஃப்ளோட்டிங் பவர் என்று விற்றது. நாலு சிலிண்டர் எஞ்சின் 850 ஆர்பிஎம்மில் சும்மா ஓடும்போது நொடிக்கு சுமார் 28 தடவை அதிரும். எஞ்சின் எடையில் ரப்பர் 2 மில்லிமீட்டர் அமுங்கினால் அதன் இயல்பு அதிர்வெண் 11 ஹெர்ட்ஸ் அளவில் வரும், அதிர்வு பாடிக்கு ஏறாது. நிஜ ரப்பர் அதிரும்போது இன்னும் கொஞ்சம் விறைப்பாகத்தான் நடந்துகொள்ளும், ஆனாலும் இடைவெளி போதும். பாலியூரிதேன் விறைப்பு அதிகம், பந்தயத்துக்கு வேண்டுமானால் சரி. எதுவானாலும் முன்னால் இரும்பு, கியர்பாக்ஸில் ரப்பர் என்று கலந்து வைக்கக் கூடாது, கியர்பாக்ஸின் வால் வார்ப்புதான் முதலில் விரியும்.

ரப்பர் மின்சாரத்தையும் தடுக்கும் என்பதால் எஞ்சினுக்கும் பாடிக்கும் நடுவே தடிமனான ஏர்த் பட்டை வேண்டும், இல்லாவிட்டால் ஸ்டார்ட்டர் இழுக்கும் மின்சாரம் ஆக்சிலரேட்டர் கேபிள் வழியாகப் போகப் பார்க்கும். கியர்பாக்ஸ் மவுண்ட்டின் துளைகளை முன்பின்னாக நீட்டி வைத்திருக்கிறேன், முன் மவுண்ட் இரண்டையும் இறுக்கிய பிறகு அது தானாக வந்து உட்காரட்டும். போல்ட் எல்லாம் 8.8 வலிமைத் தரத்தில் எம்10 (10 மில்லிமீட்டர் விட்டம்), தலையிலிருந்து பிராக்கெட் வரை ஒரு பெயின்ட் கோடு. எஞ்சின் சில தடவை சூடாகி ஆறிய பிறகு அந்தக் கோடு விலகியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அடுத்தது எக்ஸாஸ்ட் பைப், அதன் முதல் தாங்கியை பாடியில் பிடிக்காமல் கியர்பாக்ஸிலேயே பிடிக்கப்போகிறேன், எஞ்சின் ஆடும்போது பைப்பும் சேர்ந்து ஆட வேண்டும்.