போயா லீவும் இரண்டு கோயில்களும்

மலருக்கு ஏதாவது எழுது என்று செயலாளர் மூன்று தடவை போன் பண்ணிவிட்டார். கிரிக்கெட்டைப் பற்றி எழுத ஆள் இருக்கிறது. நான் போயா லீவைப் பற்றி எழுதுகிறேன்.

1966 தை முதல் 1971 வரை இலங்கையில் சனி, ஞாயிறு வார விடுமுறை இல்லை. டட்லி சேனநாயக்க அரசு அதைப் பௌத்தர்களின் புனித நாள்களான போயாவுக்கு, அதாவது அமாவாசை, பறுவம், இடையில் வரும் அரைப்பிறை நாள்களுக்கு, மாற்றியிருந்தது. பிறை பார்த்துப் பள்ளிக்கூடம்! எங்கள் அம்மம்மாவுக்கு அதில் குறையில்லை. அமாவாசையும் பறுவமும் எப்படியும் அவருக்கு விரத நாள். பாவம், என் பக்கத்தில் இருந்த கத்தோலிக்க நண்பன்தான். ஞாயிறு விடியற்பூசை முடிந்து, சட்டையில் சாம்பிராணி மணக்க, முதல் பாடத்துக்கு ஓடி வருவான்.

கொழும்பு தன் சமயத்தை நம் கலண்டரில் ஏற்றிவிட்டது என்று அப்பா பொருமுவார். நியாயமான பொருமல்தான். ஆனால் 1968 ஆனியில் யாழ்ப்பாணத்து மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில் நான் கண்டது வேறு. ஒடுக்கப்பட்ட சாதியார் உள்ளே விடச் சொல்லி நிற்கிறார்கள். முன்னாள் அமைச்சர், கணிதப் பேராசிரியர் சி. சுந்தரலிங்கம் ஆட்களோடு மறித்து நிற்கிறார். வீட்டுக்குத் தெரியாமல் சைக்கிளில் போய்ப் பார்த்தேன். அந்தத் தொகுதியின் எம்.பி. செல்வநாயகம் ஒரு கிறிஸ்தவர். சைவச் சனம்தான் அவரைத் திரும்பத் திரும்பத் தெரிவு செய்தது. வாக்குப் போடும்போது குறுக்கே வராத சமயம், கோயில் படியில் வந்து உட்கார்ந்துகொண்டது.

கடைசி வாங்கில் இருந்த ஒருவன் அந்த நாள்களில் பள்ளிக்கு வரவில்லை. வந்தபோது ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை, நான் உட்பட.

அதே ஆண்டு திருகோணமலைக் கோணேசர் கோயில் சுற்றாடலைப் புனிதப் பிரதேசமாக்குவது பற்றி ஆராய அமைச்சர் மு. திருச்செல்வம் ஒரு குழு போட்டார். பிக்கு ஒருவர் எதிர்த்தார்; பிரதமர் குழுவை நிறுத்தினார். திருச்செல்வம் பதவி விலக, அவருடைய தமிழரசுக் கட்சியும் அரசிலிருந்து வெளியேறியது. ஊரே கொதித்தது. பத்திரிகையை அப்பா சத்தம் போட்டு வாசித்தார். மாவிட்டபுரம் பற்றி வாய் திறக்காத அதே அப்பா.

மறுநாள் சைவசமய பாடத்தில் சேருக்கும் ஆவேசம். சம்பந்தரின் கோணமலைத் தேவாரத்தைப் பாடச் சொன்னார். வகுப்பில் நல்ல குரல் ஒருவனுக்குத்தான். கடைசி வாங்கிலிருந்து எழுந்து வந்து பாடினான். சேர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.