வல்க்கா: ஒரு ஊரை வெட்டிய கோட்டின் மேல் நடப்பது

லாட்வியாவின் வடக்கு எல்லையில் இருக்கும் வல்க்காவுக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் எல்லைக் கம்பத்தருகே படம் எடுத்துக்கொண்டு அரை மணி நேரத்தில் கிளம்பிவிடுகிறார்கள். இதுவும் எஸ்தோனியப் பக்கத்து வல்காவும் 1920 வரை ஒரே ஊர். ஜெர்மானியர் அதை வால்க் என்றார்கள். எல்லைக் கோடு ஏன் இந்த இடத்தில் விழுந்தது என்பது நடந்தால்தான் பிடிபடும். நாங்கள் நடந்த வரிசையிலேயே சொல்கிறோம்.

முதலில் டிக்கெட். லாட்வியத் தலைநகர் ரீகாவிலிருந்து ரயிலில் வந்தால் இறங்க வேண்டியது வல்கா, அதாவது எஸ்தோனியா. வல்க்காவின் மையத்தில் ரயில் நிலையமே கிடையாது. லாட்விய மண்ணில் கடைசி நிறுத்தம் லுகாஜி. “லாட்வியாவுக்குள்ளேயே இறங்கிவிடலாமே” என்று அங்கே இறங்கினால் ஊருக்குள் வர நெடுந்தூரம் நடக்க வேண்டியிருக்கும். பஸ் என்றால் வல்க்காவிலேயே இறங்கலாம். ஆனாலும் நடையை ரயில் நிலையத்தில் தொடங்குவதுதான் சரி.

காரணம், இந்த ஊரின் வரலாறு தண்டவாளத்தோடு பின்னிக்கிடக்கிறது. 1286-இல் ரீகாவின் கடன் பதிவேட்டில் பெயர் வருகிறது. 1584-இல் போலந்து அரசர் ஸ்டெஃபான் பாத்தோரி நகர உரிமை கொடுத்தார். அதன் பிறகும் முந்நூறு வருடம் இது சிற்றூர்தான். 1880-களின் கடைசியில் ரீகா, எஸ்தோனியாவின் தார்த்து, ரஷ்யாவின் ப்ஸ்கோவ் ஆகிய ஊர்களின் ரயில் பாதைகள் இங்கே சந்தித்தன. பின்னால் எஸ்தோனியக் கடற்கரை ஊரான பேர்னு பக்கமும் லாட்வியாவின் உட்பகுதிக்கும் 750 மி.மீ. அகலக் குறுகிய ரயில் பாதைகள் போடப்பட்டன. வேலை தேடி லாட்வியரும் எஸ்தோனியரும் குவிந்தார்கள். ரஷ்யாவிடமிருந்து பிரிந்த சுதந்திரப் போர் முடிந்ததும் இரண்டு நாடுகளும் ஊர் தங்களுக்கே என்றன. 1919 ஜனவரி 31-இல் பக்கத்திலுள்ள பாயு பண்ணையில் எஸ்தோனியரும் ஃபின்லாந்துத் தொண்டர்களும் சண்டையிட்டு ரஷ்யப் பொதுவுடைமையரின் செஞ்சேனையில் இருந்த லாட்வியப் படையை விரட்டியிருந்தார்கள். ஊர் எஸ்தோனியர் கையில் இருந்தது. பேச்சு முடியாமல் இழுக்க, நடுவராக வந்த பிரிட்டிஷ் அதிகாரி ஸ்டீபன் டாலன்ட்ஸ் 1920 ஜூலை 1-இல் தீர்ப்புச் சொன்னார்: மையமும் ரயில் நிலையமும் எஸ்தோனியாவுக்கு, தென்மேற்குப் புறநகர் லாட்வியாவுக்கு.

இதை மனதில் வைத்துக்கொண்டு இறங்குங்கள். கூர்கோபுரம் வைத்த இப்போதைய நிலையக் கட்டடம் 1949-இல் சோவியத் காலத்தில் எழுந்தது. அருகில் பழைய நீராவி இன்ஜின் ஒன்று நிற்கிறது. அங்கிருந்து மையத்தைத் தாண்டி எல்லை வரை நிதானமாக நடந்தால் அரை மணி நேரம் பிடிக்கும். நகராட்சி மன்றம், தேவாலயம், பெரிய கடைத்தெரு என்று பழைய ஊரின் உடம்பு முழுக்க இந்தப் பக்கமே இருப்பதைக் கவனியுங்கள்.

எல்லையாக ஓடுவது ஒரு சின்ன ஓடை; பார்த்தால் சாக்கடை வாய்க்கால் என்றே நினைப்பீர்கள். கம்பங்களைத் தேடுவதுதான் வழி: சிவப்பு-வெள்ளை லாட்வியா, நீலம்-கறுப்பு-வெள்ளை எஸ்தோனியா. இரண்டு ஊர்களும் சேர்ந்து அமைத்த பொதுச் சதுக்கத்தில் எல்லைக்கு மேலேயே ஆடும் ஊஞ்சல் உண்டு. படம் எடுக்க அது போதும். கோட்டின் குணம் தெரிய வேண்டுமென்றால் அங்கே நின்றுவிடாமல் ஓடையோரமாக வீட்டுத் தெருக்களுக்குள் போக வேண்டும். திட்டமிட்டு வகுத்த எல்லை மாதிரி நேராகப் போகாது; வளைந்து நெளிந்து கொல்லைப்புறங்களை ஒட்டியே போகும்.

லாட்வியப் பக்கம் வந்ததும் ஊர் சட்டென்று தளர்ந்து, மரங்களும் இடைவெளிகளுமாக மாறும். வல்காவில் சுமார் 12,000 பேர், இங்கே சுமார் 4,500. ஆனால் லாட்வியர்களுக்கு உணர்வுபூர்வமான இடங்கள் இங்கேதான். ரீகாஸ் தெருவில் யானிஸ் ட்ஸிம்ஸெ நடத்திய ஆசிரியர் பயிற்சிப் பள்ளிக் கட்டடம் இப்போது அருங்காட்சியகம். 1849-இல் வல்மியராவிலிருந்து இங்கே வந்த அந்தப் பள்ளி 1890 வரை நடந்தது; லாட்விய, எஸ்தோனிய மாணவர்கள் ஒன்றாகப் படித்தார்கள். இரண்டு நாடுகளின் குழுப்பாட்டு மரபுக்கும் இங்கே ஒரு வேர் உண்டு: எஸ்தோனிய இசையமைப்பாளர் அலெக்சாண்டர் குனிலெய்ட் இங்கே படித்தவர். லாட்வியத் தற்காலிகத் தேசிய மன்றம் 1917 நவம்பரில் கூடியதும் இந்த ஊரில்தான். இங்கே ஒரு மணி நேரமாவது ஒதுக்குங்கள்; குளிர்காலம் என்றால் அருங்காட்சியகம் திறந்திருக்கும் நேரத்தை முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். டிசம்பரில் பகல் வெளிச்சமே ஆறரை மணி நேரம்தான்.

சோவியத் காலத்தில் கோடு காகிதத்தில் மட்டும் இருந்தது. 1991-க்குப் பிறகு வேலியும் சோதனைச் சாவடியும் முளைத்தன. 2007 டிசம்பர் 21-இல் இரண்டு நாடுகளும் ஷெங்கனில், அதாவது தங்களுக்குள் எல்லைச் சோதனை வைக்காத ஐரோப்பிய நாடுகளின் கூட்டில், சேர்ந்ததும் போயின. 2020-இல் கொரோனாவுக்காக மறுபடி தடுப்புகள் வைத்து, மே 15-இல் எடுத்தார்கள்.

இந்தியா, இலங்கை பாஸ்போர்ட்டோடு வருகிறவர்கள் ஒன்றில் கவனமாக இருக்க வேண்டும். ஒரே ஷெங்கன் விசா இரண்டு பக்கத்துக்கும் செல்லும்; ஒருமுறை நுழைவு விசாவாக இருந்தாலும் தெருவைக் கடப்பதால் அது தீர்ந்துவிடாது. ஆனால் எந்த நாட்டில் அதிக நாள் தங்குகிறீர்களோ அந்த நாட்டுக்குத்தான் விண்ணப்பிக்க வேண்டும். லாட்வியப் பயணம் என்று எழுதிவிட்டு, ஊர் ஒன்றுதானே என்று வல்காவில் அறை பிடித்தால் அந்த இரவுகள் எஸ்தோனியக் கணக்கில் சேரும். முன்பதிவுத் தாளில் எந்த நாட்டு முகவரி இருக்கிறது என்று பார்த்த பிறகே விண்ணப்பத்தோடு இணையுங்கள். சாவடி இல்லாவிட்டாலும் திடீர்ச் சோதனை நடக்கலாம். பாஸ்போர்ட்டை அறையில் வைத்துவிட்டு எல்லை தாண்டாதீர்கள்.