மடிப்பாக்கத்தில் ஒரு பழைய ஃபிளாட்

சென்னையில் மடிப்பாக்கம், கீழ்க்கட்டளை, கோவிலம்பாக்கம் என்று ஏழு மாதம் வீடு தேடிச் சுற்றினோம். ஞாயிற்றுக்கிழமை டிபன் முடிந்ததும் கிளம்பி நாலு வீடு பார்த்துவிட்டு, மத்தியானம் தலைவலியோடு திரும்புவோம். புது ஃபிளாட் நமக்குக் கட்டுப்படியாகாது என்பது முதல் மாதத்திலேயே தெரிந்துவிட்டது. அதனால் பதினைந்து வருஷம் ஆன ரீசேல் வீடுகளை மட்டும் பார்த்தோம்.

எந்த வீட்டுக்குப் போனாலும் தரகர் செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே சொல்வது ஒன்றுதான்: "சார், மெட்ரோ வருது." இரண்டாம் கட்டத்தின் மாதவரம்–சோழிங்கநல்லூர் தடம் இந்தப் பக்கமாகத்தான் போகிறது, பொய்யில்லை. ஆனால் ரயில் வருவதற்குள் விலை ஏறி உட்கார்ந்துவிட்டது. தினமும் மேடவாக்கம் மெயின் ரோட்டுப் பள்ளத்தைச் சுற்றி வண்டி ஓட்டுகிறவன் அதற்கும் சேர்த்துப் பணம் கொடுக்க வேண்டியிருக்கிறது.

முதலில் பிடித்துப்போன வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுக்கிற நிலைக்கே வந்துவிட்டோம். டைல்ஸ் பளபள, மாடுலர் கிச்சன், எல்லாம் இருந்தது. பத்திர நகலை வாங்கி யூடிஎஸ் (மனையில் அந்த வீட்டுக்கு உள்ள பிரிக்கப்படாத நிலப் பங்கு) பார்த்தபோதுதான் உறைத்தது. ஒரு கிரவுண்டு, அதாவது 2,400 சதுர அடி நிலம். ஒரே அளவில் ஆறு வீடுகள். பங்கு 400 வர வேண்டும், பத்திரத்தில் 290தான் இருந்தது. மற்ற ஐந்து பேருக்கும் அதே 290 என்றால் 660 சதுர அடி நிலம் இன்னும் யார் பேரிலோ இருக்கிறது. தரகரைக் கேட்டேன். "அதெல்லாம் யாரு சார் பாக்குறாங்க?" என்றார். நாளைக்குக் கட்டடத்தை இடித்துக் கட்டும்போது கையில் மிஞ்சப் போவது அந்த நிலப் பங்கு மட்டும்தானே. விட்டுவிட்டோம்.

இப்போது இருக்கிற வீடு 860 சதுர அடி. 54 லட்சத்துக்குப் படிந்தது. யூடிஎஸ் சரியாக இருந்தது. விலை பேசுவதற்கு முன் தெருமுனை இஸ்திரி வண்டிக்காரரிடம் போய் 2015ல் தண்ணீர் எவ்வளவு வந்தது என்று கேட்டேன். அவர் பதில் சொல்லாமல் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, வயிற்றுக்கு நேராகக் கையைப் பிடித்துக் காட்டினார். "பைக்கெல்லாம் முங்கிடுச்சு சார். மாடிக்கு வரல." நாங்கள் பார்த்தது முதல் மாடி. அந்த ஏரியாவில் வீடு பார்க்கிறவர்கள் தரகரைவிட இஸ்திரிக்காரரை நம்பலாம்.

வில்லங்கத்தை, அதாவது வீட்டின் மேல் பதிவான கடன், விற்பனை விவரங்களை, பதிவுத்துறை இணையதளத்தில் இலவசமாகவே பார்க்கலாம். முப்பது வருஷத்துக்குப் போட்டுப் பார்த்தேன். வீட்டுக்காரர் 2017லேயே அடைத்துவிட்டதாகச் சொன்ன வீட்டுக்கடன் அதில் இன்னும் உயிரோடு இருந்தது! கடன் முடிந்தது, பத்திரம் திரும்ப வந்தது, எல்லாம் உண்மை. ஆனால் கடன் தீர்ந்ததற்கான ரசீதைப் பத்திர ஆபீஸில் பதியவே இல்லை. ரிட்டயர்டு மனிதர், பாவம். "பத்திரம் கைக்கு வந்ததும் முடிஞ்சுதுன்னு நினைச்சேன் தம்பி" என்றார். அவர் கடன் வாங்கிய கிளையை வேறொரு கிளையோடு சேர்த்துவிட்டார்கள். பழைய கணக்கைத் தேடி எடுத்து, அதிகாரி ஒருவர் நேரில் வந்து கையெழுத்துப் போட ஐந்து வாரம் ஆயிற்று. அந்த ஐந்து வாரமும் எங்கள் வங்கி வக்கீல் ஃபைலைத் தொடக்கூட இல்லை. பழைய வீடு வாங்குகிறவர்கள் அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே இதைப் பார்த்துவிடுங்கள்.

அடுத்தது பண விஷயம். "கைடுலைன் வேல்யூவுக்குப் பதிஞ்சுட்டு மீதியைக் கையில குடுத்துடுங்க, உங்களுக்கும் முத்திரைச் செலவு மிச்சம்" என்று தரகர் ஒரு யோசனை சொன்னார். கைடுலைன் வேல்யூ என்றால் பதிவுக்காக அரசு குறிக்கிற குறைந்தபட்ச மதிப்பு. பத்திரத்தில் என்ன தொகையோ அதில் 80 சதவீதம்தான் எங்களுக்குக் கடன். தொகையைக் குறைத்தால் கடனும் குறையும், ரொக்கத்துக்கு எங்கே போவது? முழுத் தொகைக்கே பதிந்தோம். முத்திரைத்தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 சதவீதம்: 4.86 லட்சம். இதற்கு வங்கி கடன் தராது. கைப்பங்கு 10.8 லட்சம், தரகுக்கு ஒரு சதவீதம், லீகல், வங்கி அடமானப் பதிவு எல்லாம் சேர்த்து, சொந்தக் காசு கிட்டத்தட்ட 17 லட்சம் போயிற்று. 54 லட்சத்துக்குக் கணக்குப் போட்டு வைத்திருந்தோம், அந்த ஒன்பது சதவீதத்துக்காக என் மனைவியின் நகை அடகுக்குப் போனது.

விலை 50 லட்சத்துக்கு மேல் என்பதால் ஒரு சதவீதத்தை டிடிஎஸ் என்று, அதாவது விற்பவரின் வருமான வரிக் கணக்கில், பிடித்து நாமே கட்ட வேண்டும். பெரியவருக்கு இது கடைசிவரை புரியவில்லை. "என் காசை நீங்க எதுக்குப் பிடிக்கணும்?" என்று மூன்று தடவை கேட்டார். 54,000 ரூபாய் அவர் பான் எண்ணில் ஏறியிருப்பதை ஆடிட்டர் காட்டிய பிறகுதான் முகம் தெளிந்தது.

பதிவு அன்று டோக்கன் பதினொரு மணிக்கு, கூப்பிட்டது இரண்டரைக்கு. கைரேகை மெஷின் பெரியவரின் விரலை ஏற்கவே இல்லை. எழுபது வயது விரலில் ரேகை தேய்ந்துபோயிருந்தது. அவர் மனைவி முந்தானையால் ஒவ்வொரு விரலாகத் துடைத்துவிட, ஐந்தாவது முயற்சியில் பதிந்தது. வெளியே வந்ததும் சாவிக்கொத்தைக் கொடுத்து, பால்கனிக் கறிவேப்பிலைத் தொட்டிக்கு அரிசி கழுவின தண்ணீர் போதும் என்றார்.

குடிவந்து நாலு மாதம் ஆகிறது. மின் இணைப்பைப் பெயர் மாற்ற இன்னும் போகவில்லை. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை பெரியவர் போனுக்கு பில் தொகை போகிறது. அவர் அதை எனக்கு அனுப்பி, கூடவே ஒரு வரி எழுதுகிறார்: "தம்பி, ஏசி ஜாஸ்தி போடுறீங்களா?"