நான்குவழிச் சாலைக்கு நிலம் கொடுத்தோம்: அறிவிப்பு முதல் இழப்பீடு வரை

சூளகிரிப் பக்கம் எங்கள் குடும்பத்துக்கு மூன்று ஏக்கர் இருந்தது. மேட்டில் பெங்களூரா மாமரங்கள், கீழே தக்காளியும் கொள்ளும். புதிய நான்குவழிச் சாலை அதைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போனது. ஓசூரைச் சுற்றி இது நிற்கப் போவதில்லை. பெங்களூரைச் சுற்றி வரும் சாட்டிலைட் டவுன் ரிங் ரோடு நம் கிருஷ்ணகிரி மாவட்டத்துக்குள்ளும் நுழைகிறது. ஓசூருக்கு 2,000 ஏக்கரில் விமான நிலையம் என்று 2024-இல் சட்டமன்றத்தில் அறிவித்துவிட்டார்கள். அடுத்து யார் நிலத்தில் கல் நடுவார்கள் என்று தெரியாது, அதனால் இதை எழுதி வைக்கிறேன்.

தேசிய நெடுஞ்சாலைக்கு நிலம் எடுப்பது 1956-ஆம் ஆண்டுச் சட்டப்படி. முதலில் 3ஏ அறிவிப்பு வரும், இந்த நிலத்தை எடுக்கப் போகிறோம் என்று அரசு சொல்வது அது. அரசிதழில் வந்த பிறகு அதன் சுருக்கத்தை இரண்டு நாளிதழ்களில் போட வேண்டும், அதில் ஒன்று உள்ளூர் மொழியில். அரசிதழில் வந்த நாளிலிருந்து 21 நாளுக்குள் ஆட்சேபணை கொடுக்கலாம். எங்கள் ஊரில் டீக்கடையில் கிடந்த பேப்பரில் பெரியப்பா பார்த்ததுதான் முதல் தகவல். அந்தப் பட்டியலில் பெயரெல்லாம் இல்லை, சர்வே எண்ணும் பரப்பும் மட்டும். 0.2850 ஹெக்டேர் என்று இருந்தது. "ஏதோ புள்ளிக்கணக்கு, கொஞ்சம்தான் போகுது" என்று வீட்டில் எல்லோரும் நிம்மதியாக இருந்தார்கள். ஒரு ஹெக்டேர் 247 சென்ட். கணக்குப் போட்டால் எழுபது சென்ட்! அப்புறம்தான் ஆளாளுக்கு எழுந்தார்கள்.

ஊர்க்காரர்கள் எல்லோரும் ஒரே மாதிரி மனு எழுதினார்கள்: "எங்கள் வாழ்வாதாரம் பாதிக்கப்படும், சாலையை வேறு பக்கம் கொண்டு போகவும்." அது நியாயம்தான். ஆனால் விசாரணையில் அதற்கு ஒரே பதில்தான் வந்தது. "அலைன்மென்ட் முடிவாயிடுச்சுங்க." வளைவு, மேடு, பள்ளம், பழைய சாலையோடு சேரும் இடம் எல்லாம் பார்த்து மாதக்கணக்கில் போட்ட கோடு அது. ஒரு தோட்டத்துக்காக அதை நகர்த்தினால் அடுத்த தோட்டத்துக்காரர் வருவார். என் அனுபவத்தில், அந்த 21 நாளில் கோட்டை மாற்ற முயல்வதைவிட, கோடு போகும் இடத்தில் என்ன கட்ட வேண்டும் என்று கேட்பதில்தான் பலன் இருக்கிறது.

எங்களுக்கு இரண்டு சிக்கல். கிணறு சாலைக்கு அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டது, தோட்டத்தில் பாதி இந்தப் பக்கம். இன்னொன்று ஓடை. ஏரிக்குத் தண்ணீர் வருகிற ஓடை எங்கள் வரப்பை ஒட்டிப் போகிறது. சர்வே எடுத்தது கோடையில். அப்போது அது வெறும் புல் முளைத்த பள்ளம், பார்ப்பவருக்கு ஓடை என்றே தோன்றாது. ஐப்பசியில் வந்து பார்த்திருந்தால் முழங்கால் தண்ணீர். சர்வே எண்ணுக்கான புலப்படத்திலும் கிராம வரைபடத்திலும் அது தெளிவாக இருந்தது. இரண்டின் நகலையும் எடுத்து, சாலை போகும் இடத்தைச் சிவப்பு மையில் வரைந்து மனுவோடு வைத்தேன்.

விசாரணைக்கு வந்திருந்த சாலைப் பொறியாளர், சின்ன வயசுப் பையன், படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது எந்த செயினேஜ்ல வருதுங்க சார்?" என்றார். சாலையின் தொடக்கத்திலிருந்து அந்த இடம் எத்தனை கிலோமீட்டர், எத்தனை மீட்டர் என்ற கணக்குதான் செயினேஜ். "மாரியம்மன் கோயிலுக்குக் கிழக்கே" என்று நாம் எழுதினால் ஊருக்குப் புரியும், டிசைன் போடுகிறவருக்குப் புரியாது. நட்ட கல்லிலேயே எண் எழுதியிருந்தது. மறுநாள் அதைக் குறித்துக் கொடுத்தேன். ஓடைக்குப் பெட்டிப் பாலமும் (சாலைக்கு அடியில் பெட்டி மாதிரி கான்கிரீட்டில் கட்டுவது), கிணற்றுக் குழாய் போக சாலைக்கு அடியில் ஒரு பைப்பும் வேண்டும் என்று இரண்டே வரி. மேலே அனுப்புவதாகச் சொன்னார்கள், அனுப்பவும் செய்தார்கள்.

அடுத்து 3டி, நிலத்தை எடுத்துக்கொண்டோம் என்று சொல்லும் அறிவிப்பு. அது வெளியானதும் நிலம் மத்திய அரசுக்குச் சொந்தமாகிவிடும். 3ஏ வந்து ஓராண்டுக்குள் இது வர வேண்டும், இல்லையென்றால் 3ஏ காலாவதி.

எங்களுக்கு உண்மையில் இழுத்தடித்தது பட்டா. இன்னும் தாத்தா பெயரிலேயே இருந்தது. வாரிசுச் சான்று, குப்பத்தில் கட்டிக்கொடுத்த அத்தையின் கையெழுத்து, வில்லங்கச் சான்று, வங்கிப் புத்தக நகல் எல்லாம் சேர்க்க வேண்டியிருந்தது. பங்காளிகளுக்குள் ஒத்துப்போகவில்லை என்றால் பணம் சிவில் கோர்ட்டில் போய் உட்கார்ந்துவிடும். அத்தை முதலில் முறுக்கிக்கொண்டார், அவர் தன் பங்கைக் கேட்டதும் தவறில்லை. பெண்களுக்குப் பங்கு எழுதாமல் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து மட்டும் வாங்கும் பழக்கம் நம்மிடம் உண்டு. பங்கைப் பிரித்து எழுதினோம், கையெழுத்துப் போட்டார்.

இழப்பீட்டுக் கணக்கு 2013-ஆம் ஆண்டு நில எடுப்புச் சட்டப்படி. வழிகாட்டி மதிப்பு ஒரு பக்கம். அக்கம்பக்கத்தில் முந்தைய மூன்று ஆண்டுகளில் பதிவான கிரயங்களில் விலை கூடிய பாதியின் சராசரி மறுபக்கம். இவற்றில் எது அதிகமோ அது. அதை கிராமப்புறத்துக்கான காரணியால் பெருக்கி, மரம் கிணறு மதிப்பைச் சேர்த்து, அதே அளவுக்கு இன்னொரு பங்கு ஆறுதல் தொகை. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஊரில் எல்லோரும் சென்ட் லட்சங்களில் கைமாற்றிவிட்டுப் பத்திரத்தில் வழிகாட்டி மதிப்பை மட்டும் எழுதியிருந்தால் சராசரி எங்கிருந்து ஏறும்? முத்திரைத்தாளில் மிச்சம் பிடித்த காசு இங்கே கழிந்தது.

மாமரங்களை எண்ண வந்தபோது கூடவே நின்றது நல்லதாயிற்று. வயது, சுற்றளவு, காய்ப்பு எல்லாம் எழுதுகிறார்கள். காய்க்கும் மரத்துக்கும் கன்றுக்கும் மதிப்பு வேறு.

நிலம் இரண்டாகத் துண்டானதற்கும் இழப்பீடு கேட்கலாம் என்று சட்டத்தில் இருக்கிறது. எங்கள் இழப்பீட்டு உத்தரவில் அது இல்லை. பணத்தை வாங்கிக்கொண்டு, அதற்காக மட்டும், இழப்பீட்டுத் தகராறைத் தீர்க்கும் நடுவரிடம் மனு போட்டிருக்கிறோம். எங்கள் திட்டத்துக்குக் கலெக்டர்தான் நடுவர். விசாரணை போய்க்கொண்டிருக்கிறது.

பைப் போட்டுவிட்டார்கள், கிணற்றுத் தண்ணீர் இந்தப் பக்கம் வருகிறது. பெட்டிப் பாலமும் கட்டினார்கள். மாடு போகும், வெறும் டிராக்டர் போகும். வைக்கோல் ஏற்றினால் மேலே இடிக்கும், அதற்கு சர்வீஸ் ரோட்டில் சுற்றித்தான் வருகிறோம். மனுவில் உயரத்தையும் மீட்டரில் எழுதச் சொல்லி, புதிதாகக் கல் நட்டிருக்கும் பக்கத்து ஊர்க்காரர்களிடம் சொல்லியிருக்கிறேன்.