கத்தி அடிக்கக் கொண்டுபோன பை

போன மாதம் இரண்டு ஞாயிற்றுக்கிழமை திருப்பாச்சேத்திப் பக்கம் ஒரு கொல்லுப்பட்டறையில் கத்தி அடிக்கக் கற்றுக்கொண்டேன். வகுப்பு என்று சொன்னால் ஆசாரி சிரிப்பார். என்னையும் சேர்த்து மூன்று பேர். ஆளுக்கொரு லாரிப் பட்டைத் துண்டைக் (சக்கரத்துக்கு மேலே அடுக்கியிருக்கும் வில் பட்டை) கொடுத்து, "அடிங்க தம்பி, பாத்துக்கலாம்" என்றார். பாடத்திட்டம் அவ்வளவுதான். என்னென்ன கொண்டுவர வேண்டும் என்று முன்பே போனில் கேட்டிருந்தேன். "சோறு கொண்டாந்துருங்க" என்றார். அதை நம்பாமல் ராத்திரி முழுக்க வீடியோ பார்த்து ஒரு பை நிறையச் சாமான் கட்டிக்கொண்டு போனேன். அதில் பாதி பையை விட்டு வெளியே வரவே இல்லை. வேண்டியவற்றில் இரண்டு பையிலேயே இல்லை.

முதலாவது, பருத்திக் கால்சட்டை. நான் போட்டிருந்தது பாலியெஸ்டர் ட்ராக் பேன்ட். பழுத்த இரும்பில் முதல் அடி விழுந்ததும் மேலே படிந்த கருஞ்செதில் உடைந்து நாலாபக்கமும் தெறிக்கும். பருத்தியில் பட்டால் கருகி ஓட்டை விழும், அதோடு சரி. பாலியெஸ்டர் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். இடது தொடையில் மிளகளவில் மூன்று தழும்பு இன்னும் இருக்கிறது. ஆசாரி ஒன்றும் சொல்லவில்லை. உள்ளே போய் ஒரு சணல் சாக்கை லேசாக நனைத்து எடுத்துவந்து என் இடுப்பில் கட்டிவிட்டார். இரண்டாவது, தோல் ஷூ. என்னுடையது மேலே வலைத்துணி வைத்த ஓட்டப்பயிற்சி ஷூ. அதற்குள் ஒரு செதில் போய் நான் ஆடிய ஆட்டத்தைக் கூட வந்தவர்கள் இன்றும் சொல்லிச் சிரிக்கிறார்கள். கால்சட்டை நுனி ஷூவுக்கு வெளியே தொங்க வேண்டும். உள்ளே செருகினால் நெருப்புக்கு நாமே வழி வெட்டிக் கொடுத்த மாதிரி.

கண்ணாடி கொண்டுபோயிருந்தேன், நல்லவேளை. ஹார்டுவேர் கடையில் 120 ரூபாய், பக்கவாட்டிலும் மறைப்பு உண்டு. பவர் கண்ணாடி மட்டும் போதாது. ஆசாரி கண்ணாடி போடுவதில்லை. நாற்பது வருடம் போடாமல் அவர் தப்பித்தார் என்பதற்காக நான் போடாமல் இருக்க முடியாது.

வெல்டிங் கையுறையை இரண்டு கையிலும் மாட்டிக்கொண்டேன். பத்து நிமிடத்தில் சுத்தியல் பிடி வழுக்கி, முழங்கை வரைக்கும் கடுத்தது. சுத்தியல் பிடிக்கிற கைக்கு உறை வேண்டாம். குறடு பிடிக்கிற கைக்கு மட்டும், அதுவும் உதறினால் கழன்று விழுகிற மாதிரி தொளதொளவென்று இருக்கலாம். கிரைண்டர் பக்கம் போகும்போது அதையும் கழற்றிவிட வேண்டும். சக்கரம் துணியைப் பிடித்தால் கையோடு இழுக்கும். "கிளவுசு போட்டா சூடு தெரியாது தம்பி, தெரியுறப்ப லேட்டாயிரும்" என்றார் ஆசாரி. கறுப்பாகக் கிடக்கும் இரும்புதான் ஏமாற்றும். அவர் எதை எடுத்தாலும் முதலில் புறங்கையை அருகில் கொண்டுபோய்ப் பார்த்துவிட்டுத்தான் தொடுகிறார்.

சுத்தியல் கனமாக இருந்தால் வேலை சீக்கிரம் முடியும் என்று நினைத்து 2 கிலோவில் புதுசு வாங்கிப் போயிருந்தேன். ஆசாரி அதைத் தூக்கிப் பார்த்துவிட்டு ஓரமாக வைத்தார். கையில் கொடுத்தது ஒரு கிலோவுக்கும் குறைவான ஒன்று. அதன் முகத்தின் ஓரங்கள் மழுங்கியிருந்தன. புது சுத்தியலின் ஓரம் கூர்மையாக இருப்பதால் அடிக்கு அடி பிறை பிறையாகத் தழும்பு விழும். என் முதல் கத்தியின் முதுகில் அப்படி ஒன்று இருக்கிறது. எவ்வளவு அரம் போட்டும் போகவில்லை.

நான் கொண்டுபோனதில் உருப்படியானது காந்தம். கம்பி நுனியில் கட்டிய சின்னத் துண்டு. இரும்பு ஏறக்குறைய 770 டிகிரியில் காந்தத்தில் ஒட்டாமல் போகும். அதற்குமேல் இன்னும் கொஞ்சம் ஏற்றினால் தோய்ச்சலுக்குத் தயார், அதாவது சட்டென்று குளிரவைத்து இறுகச் செய்வதற்கு. ஆசாரி நிறத்தைப் பார்த்தே சொல்லிவிடுவார். அதற்காகத்தான் உலைப்பக்கம் கீற்றைத் தாழ இறக்கி இருட்டாக வைத்திருக்கிறார். நான் காந்தத்தை நீட்டும்போதெல்லாம், "இன்னும் இல்ல... இன்னும் இல்ல... இப்பப் பாருங்க" என்பார். ஒருதடவைகூடத் தப்பவில்லை.

தோய்ச்சலைப் பார்க்கத்தான் இவ்வளவு தூரம் வந்தேன் என்று அப்போது தோன்றியது. கத்தி முழுவதையும் அவர் தண்ணீரில் முக்குவதில்லை. வாய்ப்பக்கம் ஒரு விரல்கடை மட்டும். எடுத்த கையோடு செங்கல் துண்டால் பரபரவென்று தேய்த்து வெள்ளை காட்டுகிறார். முதுகில் தங்கிய சூடு மெல்ல வாய்ப்பக்கம் இறங்கி, இறுகிய வாய் நொறுங்காதபடி பதப்படுத்துகிறது. முன்னால் வைக்கோல் நிறம், அதன் பின்னால் பழுப்பு, அப்புறம் ஊதா, நீலம். வைக்கோல் நிறம் விளிம்பைத் தொட்டதும் மொத்தமாகத் தண்ணீருக்குள். எல்லாம் ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிட்டது.

இரண்டாவது ஞாயிறு அதையே நான் செய்யப்போய், பதற்றத்தில் முழுக் கத்தியையும் தண்ணீரில் விட்டுவிட்டேன். 'டிங்' என்று ஒரு சத்தம். திரும்பிக்கூடப் பார்க்காமல் "போச்சா?" என்றார். மயிரிழை அளவுக்கு விரிசல். அடுத்த துண்டை எண்ணெயில் தோய்த்து, நொறுங்காமல் இருக்க வீட்டு ஓடிஜி அடுப்பில் 200 டிகிரியில் ஒவ்வொரு மணி நேரமாக இரண்டு தடவை வைத்து எடுத்தேன். அது நிற்கிறது.

பையை விட்டு வெளியே வராதவை: வெங்காரம் (இரும்போடு இரும்பை ஒட்டவைக்கத்தான் அது வேண்டும்), டிஜிட்டல் வெப்பமானி, தோல் ஏப்ரன் (சாக்கே போதும் என்றாகிவிட்டது). காதடைப்பானையும் பையிலிருந்து எடுக்காமல் விட்டது என் முட்டாள்தனம். அன்றைக்கு ராத்திரி வரை காதில் பட்டறைக்கல் ஒலித்துக்கொண்டிருந்தது. கிரைண்டரில் தேய்க்கும்போது என்95 முகக்கவசம் போட்டேன், உள்ளே கறுப்பாகியிருந்தது. கூட வந்த ஒருவர் துத்தநாகம் பூசிய ஜிஐ பைப் துண்டு கொண்டுவந்திருந்தார். துத்தநாகப் புகை காய்ச்சலைக் கொண்டுவரும் என்பதால் ஆசாரி அதை உலைக்கு அருகிலேயே விடவில்லை. கட்டடக் கம்பியும் வேண்டாம் என்றார், தோய்ச்சல் ஏறாது. லாரிப் பட்டையில் அரை சதவீதத்துக்குச் சற்று மேல் கரிமம் இருப்பதால்தான் அது கத்தியாகிறது.

சோறு விஷயத்தில் ஆசாரி சொன்னதுதான் சரி. பதினொரு மணிக்கே பசி கண்ணைக் கட்டியது. தண்ணீர் மூன்று லிட்டர் கொண்டுபோனேன், போதவில்லை.

திரும்பும்போது கத்தியை அட்டையில் சுற்றி, பையின் அடியில் வைத்துக் கட்டினேன். கத்தியின் அலகு 9 அங்குல நீளத்தையோ 2 அங்குல அகலத்தையோ தாண்டினால் ஆயுதச் சட்ட விதிகளின் கணக்குக்குள் வரும். வீட்டு, விவசாய உபயோகத்துக்கானவற்றுக்கு விலக்கு உண்டு. என்னுடையது ஆறு அங்குலக் காய்கறிக் கத்திதான். இருந்தாலும் அரிவாளுக்குப் பேர்போன திருப்பாச்சேத்தி நிறுத்தத்தில் ஏறி, பையில் என்ன என்று கண்டக்டர் கேட்டால் பதில் சொல்லும் தைரியம் எனக்கு இல்லை.

பிடி இன்னும் போடவில்லை. புளியங்கட்டை ஒன்று மொட்டைமாடியில் காய்கிறது.