கியெல்ட்செ ஹேண்ட்பால் டைரி

ஜூன் 2
நைட்டு ஐரோப்பா கிளப்புங்க மோதுற ஹேண்ட்பால் சாம்பியன்ஸ் லீக்கோட 2016 ஃபைனல் முழுசா உக்காந்து பாத்தேன். கொலோன்ல நடந்த மேட்ச், போலந்தோட கியெல்ட்செவும் ஹங்கேரியோட வெஸ்ப்ரேமும். 46வது நிமிஷத்துல ஸ்கோர் 28-19, கியெல்ட்செ ஒம்போது கோல் பின்னாடி, மொத்தமே 60 நிமிஷம்தான், எவனா இருந்தாலும் டிவிய ஆஃப் பண்ணிட்டு படுத்துருப்பான். அப்புறம் வெஸ்ப்ரேம் ஒரே ஒரு கோல்தான் போட்டாங்க, இவங்க பத்து! 29-29. எக்ஸ்ட்ரா டைம்ல 35-35, கடைசில பெனால்டில 39-38. போலந்து கிளப் ஒண்ணு இந்தக் கப்ப தூக்குனது அதான் மொத தடவ. கோச் துய்ஷெபாயெவ் சைடுல நின்னு கத்துறத பாத்தா நமக்கே தொண்ட கட்டுது.

ஜூன் 3
அந்த டீம்ல கண்ணாடி மாட்டிக்கிட்டு ஆடுற ஒருத்தர், காரோல் பியெலெட்ஸ்கி. 2010ல போலந்து நாட்டு டீமுக்காக குரோஷியாவோட ஆடுன ஃப்ரெண்ட்லி மேட்ச்ல எதிர் டீம் ப்ளேயரோட விரல் பட்டு இடது கண்ணு போயிடுச்சு, அதுவும் இதே கியெல்ட்செ ஊர்ல. ஒத்தக் கண்ண வெச்சுக்கிட்டு தூரத்துல இருந்து கோல் அடிக்கணும்னா தூரத்த எப்படி கணிப்பாரு? ஆனா சில வாரத்துலயே திரும்ப கிரவுண்டுக்கு வந்துட்டாரு, ரியோ ஒலிம்பிக்ஸ்ல போலந்து கொடியே அவர் கைலதான்.

ஜூன் 5
கிளப் ஆரம்பிச்சது 1965ல, அப்ப பேரு இஸ்க்ரா. மொத போலந்து லீக் டைட்டில் 1993. அப்புறம் 2002ல பெர்ட்டுஸ் செர்வாஸ்னு ஒரு டச்சுக்காரர் தலைவரா வந்தாரு, பழைய துணி வாங்கி விக்கிற வீவ் கம்பெனி ஓனர். மத்தவங்க கழட்டிப் போட்ட சட்டைல வந்த காசு ஐரோப்பாவோட பெரிய ப்ளேயர்ஸ கூட்டிட்டு வந்துச்சு, எனக்கு இந்தக் கதைலயே ரொம்பப் புடிச்சது இதான். ஸ்பான்சர் மாற மாற பேரும் மாறிக்கிட்டே போச்சு, வீவ் டார்கி, வீவ் டவ்ரோன், வொம்ஜா வீவ், இப்ப இண்டஸ்ட்ரியா. ரசிகருங்க ஜெர்சி வாங்கியே ஓட்டாண்டி ஆயிருப்பாங்க போல.

ஜூன் 6
2022 சாம்பியன்ஸ் லீக் ஃபைனல் பார்சிலோனாகிட்ட பெனால்டில போச்சு, 2023 ஃபைனல் ஜெர்மனியோட மக்டேபர்க்கிட்ட எக்ஸ்ட்ரா டைம்ல 30-29. அதுகூட பரவால்ல, போலந்து லீக்ல இன்னொரு கிளப்பான விஸ்வா ப்வோட்ஸ்க்கோட மோதுறத புனிதப் போர்னு சொல்வாங்க, 2012ல இருந்து வரிசையா 12 லீக் டைட்டில் எடுத்துட்டு 2024ல அவங்ககிட்டயே கோட்டை விட்டுட்டாங்க.