"கரண்ட் வைக்கப் போகிறார்களாம்"

என் சித்தியின் மனநோய்க்கு, தலையில் மின்சாரம் பாய்ச்சும் மின்வலிப்பு சிகிச்சை அளிக்க வேண்டும் என்று மருத்துவர் சொன்ன அன்று, வீட்டில் ஒருவரும் அந்தப் பெயரை உச்சரிக்கவில்லை. "கரண்ட் வைக்கப் போகிறார்களாம்" என்றே தணிந்த குரலில் பேசிக்கொண்டோம். மூன்று வாரங்களாக அவர் பேச்சின்றி, ஊட்டினாலும் விழுங்காமல் படுத்துக் கிடந்தார். அந்த நிலையிலும் நாங்கள் நோயைவிடச் சிகிச்சைக்கே அதிகம் அஞ்சினோம்.

அந்த அச்சத்துக்குக் காரணம் உண்டு. 1938-இல் ரோம் நகரில் உகோ செர்லெட்டியும் லூச்சியோ பினியும் முதன்முதலாக ஒரு நோயாளிக்கு மின்சாரத்தால் வலிப்பை உண்டாக்கியபோது மயக்க மருந்து கொடுக்கப்படவில்லை. தொடர்ந்து வந்த ஆண்டுகளில் வலிப்பின் வேகத்தில் நோயாளிகளின் முதுகெலும்பு முறிந்ததுண்டு. சில மனநோய் விடுதிகளில் அடங்காதவர்களை அடக்கும் தண்டனையாகவும் அது பயன்பட்டது. அந்தக் கொடுமையை மறைத்துவிட்டு இச்சிகிச்சைக்காகப் பரிந்து பேசுவது நேர்மையல்ல என்பது என் உறுதியான கருத்து.

இன்றைய முறை வேறு. நோயாளிக்கு முதலில் மயக்க மருந்தும் தசைத் தளர்வு மருந்தும் கொடுத்து, ஆக்சிஜன் செலுத்தி, சில விநாடிகள் மட்டுமே மின்சாரத்தைப் பாய்ச்சுகிறார்கள். பெரும்பாலும் ஒரு நிமிடத்துக்குள் வலிப்பு அடங்கிவிடுகிறது. கால்விரல்களின் சிறு துடிப்பைத் தவிர உடலில் பெரிய அசைவு தெரிவதில்லை. குணமளிப்பது அந்த வலிப்பே தவிர அதிர்ச்சியல்ல என்பதால், 'ஷாக்' என்ற சொல்லே பொருந்தாதது. வழக்கமாக வாரத்துக்கு 2 அல்லது 3 முறை என, மொத்தம் 6 முதல் 12 முறை வரை அளிக்கிறார்கள்.

ஆனால் மக்கள் மனத்தை மாற்றியது இத்தகைய மருத்துவ விளக்கங்கள் மட்டும்தான் என்று நான் நினைக்கவில்லை. 1972-இல் அமெரிக்கத் துணை அதிபர் வேட்பாளராக அறிவிக்கப்பட்ட தாமஸ் ஈகிள்டன், மனச்சோர்வுக்காக இச்சிகிச்சை பெற்றவர் என்பது வெளியானதும் மூன்று வாரங்களுக்குள் போட்டியிலிருந்து விலக நேர்ந்தது. 2006-இல், முன்னாள் அதிபர் வேட்பாளர் ஒருவரின் மனைவியான கிட்டி டுகாகிஸ், தன்னை மீட்டது இதுதான் என்று புத்தகமே எழுதினார். நினைவிழப்பையும் அவர் மறைக்கவில்லை.

மருத்துவர்கள் நெடுங்காலம் லேசாகக் கடந்துபோனதும் அந்த நினைவிழப்பைத்தான். 2003-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளிவந்த ஓர் ஆய்வுத் தொகுப்பு, சிகிச்சை பெற்றவர்களில் குறைந்தது மூன்றில் ஒரு பங்கினர் நீடித்த நினைவிழப்பைத் தெரிவித்ததாகக் கூறியது. அதை எழுதியவர்களுள் இச்சிகிச்சையைத் தாமே பெற்றவர்களும் இருந்தார்கள் என்பதால் அந்தக் குரலுக்குத் தனி எடை உண்டு.

நான்காம் முறைக்குப் பிறகு என் சித்தி கண் திறந்து, ஜன்னலைச் சாத்தும்படி சொன்னார். அந்த ஒரு வாக்கியத்துக்காக என் பாட்டி அழுத அழுகையை நான் மறக்கவில்லை. நோய்க்கு முந்தைய கோடையில் நாங்கள் சேர்ந்து சென்ற பயணம் மட்டும் அவர் நினைவுக்குத் திரும்பவே இல்லை. புகைப்படத்தில் தன் முகத்தைப் பார்த்து, "நான் வந்திருக்கிறேன் போலிருக்கிறதே" என்பார்.

இரண்டு ஆண்டுகள் கழித்து நோய் திரும்பியது. இம்முறை மருத்துவர் எதெல்லாம் மறந்துபோகக்கூடும் என்பதை முதலிலேயே அவரிடம் விளக்கினார். சித்தி ஒரு நாள் அவகாசம் கேட்டார். மறுநாள் ஒப்புதல் படிவத்தில் தானே கையெழுத்திட்டுவிட்டு, மறக்கக் கூடாதவற்றை எழுதிவைக்க என்னிடம் ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கித் தரச் சொன்னார்.